சாய ஊசி போடாமல் மூளை ரத்த ஓட்டம் தெரியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. கொஞ்ச நாளாக மறதி அதிகம். எம்ஆர்ஐ எடுக்கும்போது மூளையின் ரத்த ஓட்டத்தையும் பார்க்க டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். சாய ஊசி கிடையாது, அசையாமல் படுத்தால் போதும் என்கிறார்கள். சும்மா இருக்கும் மூளையில் என்ன தெரியப்போகிறது? – வாசகி, கும்பகோணம்

மருத்துவர் பதில்: படுத்திருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை, அம்மா. உடல் எடையில் அது சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை ஓய்விலும் வாங்கிக்கொள்கிறது. எந்தப் பகுதி குறைவாக வாங்குகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஏஎஸ்எல் (ரத்தத்துக்கு அடையாளம் போட்டுப் பார்க்கும் எம்ஆர்ஐ முறை) ஸ்கேன்.

இதில் சாயத்தின் வேலையை ரத்தத்திலுள்ள தண்ணீரே செய்கிறது. கழுத்து வழியாக மேலே ஏறும் ரத்தத்தின் மீது சுமார் 1.8 வினாடி ரேடியோ அலை படும். தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தத் திசை மாறி அடையாளம் பெறும். அந்த ரத்தம் மூளைத் திசுவுக்குப் போய்ச்சேர இன்னும் 2 வினாடி விட்டு ஒரு படம். அடையாளம் போடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது ரத்த ஓட்டம். மிஞ்சுவது 1 சதவீத அளவே. அதனால் நாலைந்து நிமிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். தலை லேசாக அசைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். வாயில் வெற்றிலைச் சீவல் கூடாது.

ரிப்போர்ட்டில் ஓர் இடத்தில் ஓட்டம் குறைவு என்று இருந்தால் உடனே பயப்படாதீர்கள். வயதானவர்களுக்கும், கழுத்துத் தமனி சுருங்கியவர்களுக்கும் ரத்தம் தாமதமாக வரும். அடையாளமோ ஓரிரு வினாடிகளிலேயே மங்கத் தொடங்கிவிடும். அப்போது ரத்தக்குழாய்கள் பளிச்சென்றும் திசு கறுத்தும் தெரியும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி மறுபடி எடுத்தால் உண்மை விளங்கும். அல்சைமரில் பெரும்பாலும் இருபுறமும் மூளையின் பின்மேல் பகுதியில் ஓட்டம் குறையும். ஆனால் இந்தப் படத்தை மட்டும் வைத்து அந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது. மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று அறிய தைராய்டு, பி12 பரிசோதனைகளை அவசியம் செய்துவிடுங்கள்.

நம் ஊரில் சொல்லியே ஆகவேண்டியது காபி. இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் டிகிரி காபியின் காஃபின், மூளை ரத்த ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு வரை, சமயத்தில் அதற்கு மேலும் குறைத்துவிடும். காலைக் காபியை ஸ்கேன் முடிந்து கொடுங்கள். புகையிலையும் ஸ்கேன் முடியும்வரை வேண்டாம். ரத்தசோகை இருந்தால் ஓட்டம் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மெட்டி, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாம் வெளியே. தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரும்பு என்பதால் காந்தம் இழுத்துவிடும். பேஸ்மேக்கரோ, மூளை ஆபரேஷனில் வைத்த கிளிப்போ இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டோடு சிடியையும் வாங்கி வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அதே மெஷினில், அதே நேரத்தில், அன்றும் காபி குடிக்காமல் எடுக்க வேண்டும்.