மிச்சம் இருப்பது 11 ராத்திரிக்கான மாத்திரை

மனநல மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எனக்கு இருமுனைக் கோளாறு, மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கும், ஒரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும். 6 வருஷமாக இரவில் 2 லித்தியம் மாத்திரை போட்டு நன்றாகவே இருந்தேன். 4 மாதத்துக்கு முன் வேலை போனது. கம்பெனி கட்டிய காப்பீடும் அதோடு போனது. சேமிப்பும் தீர்ந்துவிட்டது. கையில் 22 மாத்திரைதான் இருக்கிறது. 11 ராத்திரிக்கு வரும். ஒன்றாகக் குறைத்தால் 22 ராத்திரி ஓட்டலாம் என்று 3 நாளாக ஒன்றுதான் போடுகிறேன். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் டாக்டர் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. மனைவிக்கும் தெரியாது. என்ன செய்வது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் கணக்கைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். இதே கணக்கை என் கூடப்பிறந்த தம்பி போட்டிருக்கிறான். அவனுக்கும் லித்தியம்தான். வேலை போனதை எங்களிடம் சொன்னவன், மாத்திரையைப் பாதியாக்கியதை மட்டும் சொல்லவில்லை. ஏழாவது வாரம் அவனுக்குத் தூக்கம் போனது. பத்தாவது வாரம் அவனை மூன்று பேர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவன் அறையைச் சுத்தம் செய்தபோது தலையணை உறைக்குள் ஒரு சவர பிளேடும், தேதி வாரியாகக் கட்டம் போட்ட ஒரு தாளும் கிடைத்தன. எந்த நாள் எத்தனை துண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான். அவன் அசட்டையாக நிறுத்திவிடவில்லை, சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிற மாதிரி மாத்திரையை நடத்தப் பார்த்திருக்கிறான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று மாத ஆஸ்பத்திரிச் செலவில் அவன் மிச்சம் பிடிக்கப் பார்த்த அதே மாத்திரையைப் பல வருஷத்துக்கு வாங்கியிருக்கலாம்.

லித்தியத்தை இப்படி இழுத்துப்போட முடியாது. பொதுவாக ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்கும் 1.0 மில்லிமோலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் காப்பு இல்லை, மேலே போனால் நஞ்சு. பாதி போட்டால் பாதிப் பலன் கிடைக்கும் என்பது இந்த மருந்துக்குச் செல்லாது. திடீரென்று விட்டால் நோய் திரும்பும் அபாயமும், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கும் அபாயமும் கூடுகின்றன. நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் மருத்துவர்கள் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அதனால் நாளைக் காலையே டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, 3 நாளாக ஒன்றுதான் போட்டேன் என்று சொல்லுங்கள். அவர் சொல்கிற அளவுக்குத் திரும்புங்கள். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று ஒரே ராத்திரியில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

காசு எங்கே போகிறது என்று பாருங்கள். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் லித்தியத்தின் பலனை எழுதி வெளியிட்டார். அது மண்ணில் கிடைக்கிற ஒரு தனிமத்தின் உப்பு, யாரும் தனக்கே சொந்தம் என்று உரிமை வாங்கிவைத்த மருந்தல்ல. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருந்தது, இன்றும் இருக்கிறது. உங்களைச் சாய்ப்பது மாத்திரையின் விலையாக இருக்காது. டாக்டர் ஃபீஸ், லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகள், போக்குவரத்து, இவைதான் சேர்ந்து பெரிதாகின்றன. அப்படியானால் நீங்கள் தேட வேண்டியதும் இலவச மாத்திரையை மட்டுமல்ல, சீட்டு எழுதி ரத்தமும் பார்க்கிற ஒரே இடத்தை.

அரசுப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை, வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிற தொண்டு மருத்துவமனை, இந்த வரிசையில் விசாரியுங்கள். அங்கே மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு மாதம் ஆகும் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஏற்கெனவே நிலையாக இருக்கிறவருக்கு அதே மருந்தைத் தொடர்ந்து எழுத, இடைக்காலத்துக்குப் பொது மருத்துவர் போதும். மனநல நிபுணர் இல்லாத இடத்திலும் பொது மருத்துவர்களும் செவிலியர்களும் மனநோய்க்குச் சிகிச்சை தரப் பழக வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தனியாக ஒரு திட்டமே தொடங்கியது.

போகும்போது பழைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, காலி மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துப்போங்கள். சீட்டு தொலைந்துபோனாலும் அட்டை பேசும்.

என்ன பேசுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தெரியும். கவுன்ட்டருக்கு உள்ளே நின்று பார்த்தவள் சொல்கிறேன், "கொஞ்சம் பணக்கஷ்டம் சார்" என்று இழுத்தவர்களுக்கு எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அது எல்லோரும் சொல்வது. ஒரு அம்மா வந்து, "என் பையனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியோடு மாத்திரை முடியுது. போன தடவை நிறுத்தினப்போ பத்தாம் நாள் மாடியில ஏறி நின்னான். எனக்கு வருமானம் இல்ல" என்றார். அரை மணி நேரத்தில் சமூகப் பணியாளரைக் கூட்டிவந்தோம். அந்த அம்மா சொன்னதில் தேதி இருந்தது, நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது இருந்தது, இல்லை என்ற சொல் மழுப்பாமல் இருந்தது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்: "11 நாளில் முடியுது. வேலை இல்ல, காப்பீடு இல்ல. நிறுத்த எனக்குப் பயமா இருக்கு." பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். கட்டணத் தள்ளுபடி, உதவி நிதி, எந்தப் படிவம் எந்த மேசை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டாக்டரைக் கேட்பதற்கு முன்பே அவரைக் கேளுங்கள்.

உங்கள் பழைய டாக்டரைப் பற்றி. ஆறு வருஷம் உங்களைப் பார்த்தவர். ஃபீஸ் இல்லாமல் பார்க்க முடியாது என்று அவர் சொல்லலாம், அது அவர் பதில். அந்தப் பதிலை அவருக்காக நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். குறைந்தது மூன்று உதவி கேட்கலாம்: அரசு மருத்துவமனைக்கு ஒரு கடிதம், மருந்தை பிராண்டு பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதிய ஒரு சீட்டு, அடிக்கடி வரத் தேவையில்லாதபடி பரிசோதனைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்ற யோசனை.

பரிசோதனையை மட்டும் காசுக்காக விட்டுவிடாதீர்கள். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல், கை பலமாக நடுங்குவது என்று வந்தால் காசை எண்ணிக்கொண்டு நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடம்பில் நீர் வற்றினாலும், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் லித்தியம் ஏறிவிடும்.

வேறு மனநல மாத்திரை போடுகிற மற்ற வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் ஃப்ளுவாக்ஸெடின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் சீக்கிரம் வெளியேறுவதால் ஓரிரு நாளிலேயே தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற குளோனாஸெபாம், டயஸெபாம் வகையை நாள்தோறும் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மனச்சிதைவு நோய்க்குத் தருகிற குளோஸபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது, மருத்துவர்தான் மிகச் சிறிய அளவிலிருந்து ஏற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

மனைவியிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள், தம்பி. தூக்கம் குறைவதை முதலில் கவனிக்கப்போவது அவர்தான். என் தம்பி ஏழாவது வாரம் தூங்காமல் நடந்துகொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அவரை எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்று வருகிறவரைப் பணம் கேட்டு வாசலில் நிறுத்துவது எந்த மருத்துவமனைக்கும் முறையல்ல.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் டாக்டர் இரண்டு நிமிடம்தான் பேசுகிறார். கவுன்சிலிங் போகப் பணமில்லை. மாத்திரை மட்டும் போதுமா?
(ஒரு வாசகி)

பதில்: பேச ஆள் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. அது பணக்காரர்களுக்கான கூடுதல் வசதி இல்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். வந்தவர்களின் பிரச்சினைகளைக் கேட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பதுதான் முறை. 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அந்தப் பெஞ்சில் பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. பட்டம் பெற்ற நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை, முறையாகப் பழகியவர் போதும்.

உளவியல் கற்பிக்கிற கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆலோசனை தருகிற பயிற்சி மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கட்டணம் பெரும்பாலும் மிகக் குறைவு, சில இடங்களில் கிடையவே கிடையாது. மாணவர்தானே என்று தயங்க வேண்டாம், அவர்கள் ஒரு மணி நேரம் முழுதாகக் கேட்பார்கள்.

அதுவரை அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிப்போங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன செய்வதை நிறுத்திவிட்டேன், மாத்திரையால் என்ன தொந்தரவு, இன்று கேட்க வந்த ஒரே கேள்வி. உட்கார்ந்ததும் தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். எங்கள் மருத்துவமனையில் அப்படி நீட்டியவர்களின் தாளை டாக்டர்கள் படித்துவிட்டுக் கோப்பிலேயே குத்திவைப்பார்கள்.