மிருகக்காட்சிசாலைச் சுற்றுலாவில் மதியச் சாப்பாடு: அங்கே வாங்குவதா, கட்டிக்கொண்டு போவதா?

கேள்வி: கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் 7 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வரும் விடுமுறையில் மாணவர்களைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும், திரும்பும் வழியில் பின்னவலை யானைகள் சரணாலயத்துக்கும் அழைத்துச்செல்ல இருக்கிறோம். அங்குள்ள சிற்றுண்டிச்சாலைகளில் விலை அதிகம், தெரிவு குறைவு, எண்ணெய்ப் பலகாரம்தான் கிடைக்கும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். ஆகவே இரவே சமைத்துச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகலாம் என்கிறார்கள். சென்ற தடவை அப்படித்தான் போனோம். மதியம் சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்; அங்கே வாங்கிக் குடித்த ஐஸ் பக்கற்தான் காரணம் என்று நினைத்தோம். பிள்ளைகளில் முஸ்லிம்களும் விரதம் இருப்பவர்களும் உண்டு. எது நல்லது என்று சொல்வீர்களா?

பதில்: பெற்றோர் சிற்றுண்டிச்சாலையைச் சந்தேகிக்கிறார்கள், நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சந்தேகம் பார்சலின் மேல்தான். ஐஸ் பக்கற்றை முற்றாகக் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பலர் ஒரே நேரத்தில், அதுவும் சாப்பிட்டுச் சில மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால், உணவிலே முன்கூட்டியே உண்டாகியிருந்த நஞ்சைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதற்கு மிகவும் பொருந்தும் உணவு, நெடுநேரம் கட்டிவைத்த சோறு.

அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்னும் பக்டீரியாவின் வித்திகள் இயல்பாகவே இருக்கும். உலையில் கொதித்தாலும் அவற்றுள் சில சாவதில்லை. சோறு சுடச்சுட இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகத் தொடங்கி, நஞ்சையும் உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் காரணம் இதுதான். நள்ளிரவில் வடித்த சோற்றைச் சூட்டோடு இறுக்கிக் கட்டி, பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் பஸ்ஸில் கொண்டுபோய் மதியம் பிரிக்கும்போது பத்து மணித்தியாலத்துக்கு மேல் கழிந்திருக்கும். பெட்டியின் நடுவில் இருக்கும் பார்சல்கள் அவ்வளவு நேரமும் ஆறாமலும் சூடாகவும் இல்லாமல் வெதுவெதுப்பாகவே இருக்கும். பக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. சோறு நூல் விட்டிருந்தாலோ, கறி புளித்து மணம் வீசினாலோ நாமே எறிந்துவிடுவோம். இந்த நஞ்சுக்கோ மணமும் இல்லை, சுவை மாற்றமும் இல்லை.

மீனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மீன் இல்லாத பார்சலை நினைப்பது கடினம். சூரை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐசில் வைக்காவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடியும் வாந்தியும் வந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். சுற்றுலா நாளில் சூரையைத் தவிர்த்துவிடுங்கள். தேங்காய்ப்பூவில் இடித்த பச்சைச் சம்பலும், தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கறிகளும் பஸ் பயணத்துக்கு உதவாதவை.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தை வழியாகக் காட்டுக்குள் இறங்கும் நம் அடியார்கள் சமைத்த சோற்றைச் சுமப்பதில்லை. அரிசி, பருப்பு, மிளகாய் என்று உலர்ந்த பொருள்களைச் சுமந்து, தங்குமிடத்தில் அடுப்பு மூட்டுவார்கள். உங்கள் பயணத்துக்கும் அந்த முறைதான் ஏற்றது: உலர்ந்ததை இங்கிருந்து கொண்டுபோங்கள், சோற்றை அங்கே சூடாக வாங்குங்கள்.

காலைக்குப் பாணும் நன்றாக வதக்கிய சீனிச்சம்பலும், கோதுடன் அவித்த முட்டையும் போதும். முட்டையை அவித்த பின் தோலில் வெடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டு காலையிலேயே தின்று முடித்துவிட வேண்டும். வாழைப்பழம், தோடம்பழம், கச்சான், பிஸ்கட் ஆகியவை நாள் முழுவதும் தாங்கும். தண்ணீரை ஆளுக்கொரு போத்தலிலும், நிரப்புவதற்குப் பெரிய கானிலும் வீட்டிலிருந்தே எடுத்துச்செல்லுங்கள். விலை பற்றிய முறைப்பாட்டில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் பிள்ளைகள் அங்கே முதலில் ஓடுவது தண்ணீருக்கும் சோடாவுக்கும்தான்.

மதியச் சாப்பாட்டை, மிருகக்காட்சிசாலையின் சிற்றுண்டிச்சாலையிலோ அண்மையில் உள்ள உணவகமொன்றிலோ சில நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். மொத்தமாகச் சொல்லும்போது விலையும் பேசலாம். "எத்தனை வகைக் கறி தருவீர்கள்" என்று கேட்பதற்கு முன், "எத்தனை மணிக்குச் சமைத்து இறக்குவீர்கள்" என்று கேளுங்கள். பதினொன்றரைக்கு அடுப்பிலிருந்து இறங்கி, பன்னிரண்டரைக்குள் பிள்ளையின் கையில் சேரும் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் முட்டையும் அப்பளமும் எனக்குப் போதும். காலை எட்டு மணிக்கே கட்டிவைத்த பிரைட் ரைசில் எத்தனை வகை இருந்தாலும் வேண்டாம். இறைச்சியை முற்றாக விட்டுவிட்டால் ஹலால் பற்றிய கேள்வியும் எழாது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு மீன் அல்லது முட்டை, விரதகாரருக்கு அதே சோறும் மரக்கறியும் என்று ஒரே சமையலில் எல்லாரையும் சமாளிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: சைவப் பார்சல்களை முதலில் கட்டி, அடையாளமிட்டு ஒதுக்கிவிட்டுத்தான் மச்சக் கறிச் சட்டியில் கரண்டி போட வேண்டும். இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுங்கள்.

தெரிவு குறைவு என்ற குறைக்கு வருகிறேன். மிருகக்காட்சிசாலை போன்ற இடங்களில் கூட்டம் சீராக வருவதில்லை. விடுமுறையிலும் போயா தினத்திலும் நெரிசல், சாதாரண நாளில் வெறிச்சோடல். எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத கடைக்காரர், நெடுநேரம் வைத்திருக்கக்கூடிய ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், பிஸ்கட், சோடா ஆகியவற்றின் பக்கமே சாய்வார். வந்தவர்கள் வெளியே போய் வேறு கடை பார்க்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டியல் நீள நீள, ஒவ்வொரு பண்டமும் விற்பனையாகாமல் கிடக்கும் நேரமும் கூடும். ஐந்து பண்டம் மட்டும் விற்று, அவை அடிக்கடி தீர்ந்து மீண்டும் வரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. கூட்டம் நிற்கும் கடையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது உங்களுக்குச் சிரமம்தான், ஆனாலும் அங்கே நில்லுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மின்குமிழ் எரிவதால் மட்டும் உள்ளே இருக்கும் ரோல்ஸ் சூடாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. கையில் எடுத்தால் சுட வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மயோனைஸ் பூசிய சான்ட்விச்சைத் தொடவே வேண்டாம். கொதிக்கும் அண்டாவிலிருந்து எடுத்துத் தரும் அவித்த சோளம், கண்முன் வெட்டித் தரும் செவ்விளநீர், கொதிக்கக் கொதிக்கத் தரும் தேநீர் ஆகிய மூன்றும் நல்லவை. அன்னாசியையும் மாங்காயையும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பவரிடம் பிள்ளைகள் மொய்ப்பார்கள். அங்கே பழத்தைவிடக் கத்தியையும், அதைக் கழுவும் வாளித் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். மிளகாய்த்தூள் கிருமியைக் கொல்லாது. ஐஸ்கிறீம் முத்திரை உடையாத கோப்பையாக இருக்கட்டும். உருவம் சிதைந்தும் ஐஸ் படிகம் படர்ந்தும் இருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது.

குளிர்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இது கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் கீழே பச்சை. சிவப்புப் புள்ளியுள்ள 250 மில்லிலீற்றர் போத்தலில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் திரும்பும் பஸ்ஸில் அதன் பலனை நீங்கள்தான் துடைக்க வேண்டியிருக்கும்.

விலை விடயம் எளிது. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். குளிரூட்டியதற்கு என்று மேலதிகமாகக் கேட்பதும் அதில் அடங்கும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அங்கேயே சமைத்து விற்கும் பண்டங்களில் அப்படி அச்சிட்ட விலை இருக்காது. வாங்கும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள், அவ்வளவுதான்.

கைகழுவுதலைப் பற்றி ஆசிரியைக்குச் சொல்வது அதிகப்பிரசங்கம் போலத் தோன்றலாம். ஆனாலும் பின்னவலையில் பிள்ளைகள் யானையின் அருகில் நிற்பார்கள், கம்பிவேலியைப் பிடிப்பார்கள், அதே கையால் பணிஸ் தின்பார்கள். விலங்குகளின் கழிவிலிருந்து சல்மொனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் வாய்க்குப் போகும் வழி அதுதான். மண்ணும் சாணமும் ஒட்டிய கையில் கிருமிநீக்கித் திரவம் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பஸ்ஸில் ஒரு தண்ணீர்க் கானையும் சவர்க்காரக் கட்டிகளையும் அதற்கென்றே வையுங்கள். கூடுகளுக்கு அருகில் சாப்பிடவும், விலங்குகளுக்கு மீதியைக் கொடுக்கவும் விடாதீர்கள். காகமும் குரங்கும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விடயம்.

பொதி செய்வதற்குப் பொலித்தீன் லன்ச் சீட் வேண்டாம். 2017 ஆம் ஆண்டிலேயே அது தடைசெய்யப்பட்டது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் இறந்ததை உங்கள் மாணவர்கள் செய்தியாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆளுக்கொரு சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுவரச் சொன்னால், உணவகத்திலிருந்து பெரிய பாத்திரங்களில் சூடாக வாங்கிப் பரிமாறலாம். பார்சல் கட்டும் நேரமும் மிச்சமாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வாந்தி வந்தால், ஜீவனி என்னும் வாய்வழி நீரேற்று உப்புப் பொதியை அதிலேயே குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சோர்ந்து மயங்குதல், குடித்ததெல்லாம் வெளியே வருதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்தால் மீதிச் சாப்பாட்டைக் கொட்டிவிடாதீர்கள். மூடிய பாத்திரத்தில் ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்து, யார் எதை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். சென்ற தடவை அது நடந்திருந்தால், ஐஸ் பக்கற்றா பார்சலா என்பதை இப்போது நான் ஊகிக்க வேண்டி வந்திருக்காது.