‘ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடு’ என்று போன் வந்தால்...

கேள்வி: சாலையோர வியாபாரி ஒருவரைக் காவலர் அடித்ததை செல்போனில் படம் பிடித்து முகநூலில் வெளியிட்டேன். மறுநாளிலிருந்து தினமும் போன். “பதிவை எடு, வந்து எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவோம்” என்கிறார்கள். நான் இல்லாதபோது வீட்டுக்கு வந்து, 63 வயதான என் தாயையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தாய். சாட்சியாக விசாரிப்பதற்கென்று எந்தப் பெண்ணையும் காவல் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை அவர் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 179-வது பிரிவு. அவர் போக வேண்டாம்.

நீங்களும் வெறும் போனுக்குப் போகாதீர்கள். “எழுத்து மூலம் அழையுங்கள், வருகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி அதே சட்டத்தின் 35-வது பிரிவின்படி தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. ஆனால் முறையான நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அலட்சியம் கூடாது. வழக்கறிஞருடன் ஆஜராகுங்கள். நீங்கள் ஒத்துழைக்கும்வரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் உங்களைக் கைது செய்ய முடியாது.

அந்த “எழுதிக் கொடு”தான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு வெள்ளைத் தாளை முன்னால் தள்ளி, “கீழே கையெழுத்துப் போடு, மற்றதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்” என்பார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு வீடு திரும்பினால் போதும் என்றிருக்கும், போட்டுவிடுவார். விசாரணையில் போலீஸார் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது 181-வது பிரிவு. “தவறான தகவல் பரப்பினேன்” என்று நீங்கள் கொடுக்கும் ஒரு வரி, அடிபட்ட அந்த வியாபாரியின் புகாரையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

கண்ணால் கண்டதைச் சொல்வது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தந்த உரிமை. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. பேச்சு, எழுத்து தொடர்பான புகாரில், மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் அறிவுறுத்தியது.

பதிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அடித்ததைச் சொன்னது சரி. “லஞ்சப் பேர்வழி” என்று ஆதாரமில்லாமல் ஏதாவது சேர்த்திருந்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அசல் வீடியோவை வேறிடத்திலும் பத்திரப்படுத்துங்கள்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையருக்கு, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) புகார் அனுப்புங்கள். நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகட்டும். அங்கே ஓராண்டுக் கெடு உண்டு. கைது அச்சம் இருந்தால் பிஎன்எஸ்எஸ் 482-வது பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். பொய் வழக்கே பதிந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் செல்லலாம்.

இன்றிரவே ஒரு நோட்டை எடுங்கள். போன் வந்த தேதி, நேரம், எண், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். வீட்டு வாசலில் கேட்டதை உங்கள் தாய் தன் கையாலேயே எழுதட்டும்.