கடைப் பெயர் போட்ட பாக்கெட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று சூப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் துவரம் பருப்பு, உளுந்து, ரவை, மசாலாப்பொடி என்று தன் பெயரிலேயே பாக்கெட் போட்டு, பிரபல பிராண்டுகளைவிடக் கிலோவுக்குப் பத்து, இருபது ரூபாய் குறைத்து விற்கிறது. எந்தக் கடையின் சரக்கை நம்பி வாங்கலாம்?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: எந்தக் கடை என்று கேட்பதைவிட எந்தப் பொருள் என்று கேட்பதுதான் இங்கே பயன் தரும். கடையின் பெயர் பாக்கெட்டின் மேல் இருந்தாலும், பெரும்பாலும் அந்தக் கடை பருப்பை உடைப்பதும் இல்லை, எண்ணெயை ஆட்டுவதும் இல்லை. ஒன்றை ஒரு மில்லிலும் மற்றொன்றை வேறோர் ஆலையிலும் வாங்கி, தன் உறையில் அடைத்து விற்கிறது. ஆகவே ஒரே கடையின் உளுந்து அருமையாகவும் மிளகாய்த்தூள் சுமாராகவும் அமைவதில் வியப்பில்லை.

ரிலையன்ஸின் 'குட் லைஃப்', டி-மார்ட்டின் 'பிரிமியா' போல நாடு முழுவதும் கிளை உள்ளவர்கள் சொந்தச் சரக்குக்குத் தனிப் பெயர் சூட்டுகிறார்கள். தென்மாவட்டங்களில் நான்கைந்து கிளைகள் வைத்திருக்கும் நம் ஊர்க் கடைகளோ பெரும்பாலும் கடையின் பெயரையே போட்டு, தங்கள் கிடங்கிலேயே மூட்டையைப் பிரித்து அடைக்கின்றன. இதில் பாக்கெட் போட்ட தேதி புதிதாக இருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது பாக்கெட் போட்ட தேதியே தவிர, பருப்பு உடைத்த தேதி அல்ல.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். தயாரித்தவர், பாக்கெட் போட்டவர், விற்பவர் என்று சிறிய எழுத்தில் முகவரிகள் இருக்கும். அருகில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அந்த எண் 1 என்று தொடங்கினால் உரிமம் பெற்ற நிறுவனம். 2 என்றால் பதிவு மட்டும் செய்துகொண்ட சிறு வியாபாரி. 124 என்று தொடங்கினால் அது தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட மாநில உரிமம். ஒருமுறை போட்டிக் கடைகள் இரண்டின் துவரம் பருப்பை என் அடுப்படி ஜன்னலோரம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் விருதுநகரில் உள்ள ஒரே மில்லின் முகவரி, விலையில் மட்டும் பதினோரு ரூபாய் வித்தியாசம். ஒரே மில்லில் முதல் ரகமும் இரண்டாம் ரகமும் உண்டு என்பதால், முகவரி ஒன்றாயிருப்பதைக் கொண்டு சரக்கும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. அதற்குக் கையும் கண்ணும் வேண்டும்.

உளுந்தைத்தான் நான் முழுதாகச் சோதித்தேன், மதுரையில் இட்லிக்கு மிஞ்சிய பரீட்சை இல்லை என்பதால். இரண்டு கடைகளின் பாக்கெட், மளிகைக் கடைத்தெருவான கீழமாசி வீதியில் சில்லறையாக வாங்கியது, ஆக மூன்றிலும் இருநூறு கிராம் எடுத்துத் தனித்தனித் தாம்பாளத்தில் பரப்பினேன். முதல் பாக்கெட் மல்லிகை மொட்டுப் போல வெள்ளை; உடைசல் இல்லை. இரண்டாவதில் ஒரு கைப்பிடிக்கு உடைசலும், அங்கங்கே கறுப்புத் தொலி ஒட்டிய பருப்பும் இருந்தன. கீழமாசி வீதி உளுந்து சற்றே பழுப்பாக, ஆனால் குண்டு குண்டாக இருந்தது. ஒரே நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒவ்வொன்றாகக் கிரைண்டரில் ஆட்டியபோது, பார்வைக்கு அழகாயிருந்த முதல் பாக்கெட்டின் மாவுதான் பொங்கிக் காணவே இல்லை. உடைசல் கலந்த இரண்டாவது பாக்கெட் ஓரளவு பொங்கியது. கீழமாசி வீதி உளுந்து குழவியை மூடிக்கொண்டு எழுந்தது. நாட்பட்ட உளுந்து தண்ணீர் இழுக்காது. வெள்ளை நிறமோ பாலிஷ் பிடித்தாலும் வந்துவிடும்.

பருப்பு, பயறு, சிறுதானியம் போலக் கண்ணால் பார்த்து எடைபோடக் கூடியவற்றில் கடைப் பெயர் பாக்கெட் பெரும்பாலும் லாபமே. முதலில் அரைக் கிலோ வாங்கி, வேகிற விதத்தையும் மாவு காண்கிற அளவையும் பார்த்துவிட்டுப் பிறகு மாதச் சாமான் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொடிகளில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மசாலாப்பொடியின் சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரவேண்டும் என்பது விதி. சில பாக்கெட்டுகளில் மல்லி, மிளகாய்க்கு அடுத்தபடியாகவே உப்பு வந்து நிற்கும். மிளகாய் விலைக்கு உப்பு வாங்குவானேன்? வற்றலும் மல்லியும் வாங்கி வெயிலில் காயவைத்துத் தெருமுனை மில்லில் அரைத்துக்கொள்வதையே நான் இன்னும் விடவில்லை.

கேள்வி: கடையின் சொந்த பிராண்டுக்கு மட்டும் 'எம்.ஆர்.பி.யில் 30 சதவீதம் தள்ளுபடி' என்று எப்போதும் அட்டை தொங்குகிறதே, எப்படிக் கட்டுப்படியாகிறது?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: தன் பெயரில் வரும் பாக்கெட்டுக்கு அதிகபட்ச விலையை முடிவு செய்வதும் பெரும்பாலும் அந்தக் கடையேதான் என்பதால் கட்டுப்படியாகிறது. இருநூறு என்று அச்சிட்டு நூற்று நாற்பதுக்குக் கொடுப்பதும், நூற்று நாற்பது என்றே அச்சிட்டு விற்பதும் கல்லாப்பெட்டிக்கு ஒன்றுதான். இப்போது பாக்கெட்டுகளில் கிராமுக்கு இவ்வளவு என்று அலகு விலையும் அச்சாகிறது. ஆனால் அது எம்.ஆர்.பி.யைக் கொண்டு கணக்கிட்டது, நீங்கள் கொடுக்கும் விலையைக் கொண்டு அல்ல. பில்லில் உள்ள தொகையை எடையால் வகுத்து, அடுத்த கடையோடு ஒப்பிடுவதே சரியான கணக்கு.

எண்ணெயில் இன்னொரு கவனம் தேவை. ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு கடை லிட்டரிலும் மறு கடை கிலோவிலும் விற்றால், கிலோ பாட்டிலில் நூறு மில்லிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் எண்ணெய் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

கேள்வி: அரிசிச் சிப்பம் மட்டும் 26 கிலோவாக வருவது ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையில் உறையிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு இல்லை. அந்த ஒரு கிலோ வரியைத் தவிர்ப்பதற்காகச் சேர்ந்தது. ஐந்து, பத்துக் கிலோ பைகளில் அரிசி வாங்குவோர் அந்த வரியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

கேள்வி: கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். மதுரையில் பாண்டியன், கோவையில் சிந்தாமணி, சென்னையில் காமதேனு என்று ஊருக்கொரு பெயரில் அவை நடக்கின்றன. அங்கேயும் சொந்தச் சரக்கு உண்டு. ஈரோட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் 'மங்களம்' மஞ்சள்தூள், நீலகிரித் தேயிலைக் கூட்டுறவு ஆலைகளின் ஊட்டி டீ ஆகியவற்றில் விளைகிற இடத்துச் சங்கமே தயாரிப்பாளர் என்பதால், யார் செய்தது என்று தேட வேண்டியதில்லை. பொடி வாங்கமாட்டேன் என்ற என் பிடிவாதத்துக்கு அந்த மஞ்சள்தூள் மட்டும் விலக்கு. மற்றபடி, கேட்ட பொருள் கேட்ட நாளில் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். அலமாரி வரிசையும் தனியார் கடைகளைப் போலக் கண்ணைப் பறிக்காது.

கேள்வி: கடைப் பெயர் போட்ட ரவையில் வண்டு இருந்தது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: பிரிக்காமல் வண்டை எப்படிப் பார்ப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். பில்லையும், பாக்கெட் தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு மேலாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு எண் அச்சிடுவது கட்டாயம், அதிலும் சொல்லுங்கள். அப்படியும் பயனில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்யலாம். மீதி ரவையைக் கொட்டிவிட வேண்டாம். இறுகக் கட்டி, அந்தப் பாக்கெட்டோடு அப்படியே வைத்திருங்கள்.