பிரித்த நூல்

அன்புள்ள அம்மா,

எனக்கு 44 வயது. 19 வருடத் திருமணம் சென்ற ஆண்டு முறிந்தது. இப்போது பிறந்த வீட்டில் இருக்கிறேன். காலையில் டேலி கணக்கு மென்பொருள் வகுப்பு. பக்கத்து நாற்காலிகளில் என் மகள் வயதுப் பெண்கள். இரவில் தூக்கம் வராமல் யூடியூப் பார்த்து ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன், பெங்களூரில் இருக்கும் தங்கையின் குழந்தைக்காக. எங்காவது ஒரு பிழை கண்ணில் பட்டால் மொத்தத்தையும் உருவிவிட்டு முதலிலிருந்து போடுகிறேன். இதுவரை மூன்று முறை. 25 வயதில் நான் சொன்ன ஒரு ‘சரி’யையும் இப்படி உருவ முடிந்தால்? அத்தனை வருடமும் வீண்தானே?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

மூன்று முறை உருவினீர்கள் என்றால் என் அம்மா திட்டியிருப்பாள். கல்யாணமாகி டெல்லி கரோல்பாக்குக்குப் போனவள், மொட்டைமாடி வெயிலில் பஞ்சாபிப் பெண்களிடம் பின்னக் கற்றாள். அதனால் ஸ்வெட்டர் விஷயத்தில் மட்டும் அவள் தமிழ் பாதி இந்தி. ஊசி ‘சலாய்’, கண்ணி ‘ஃபந்தா’. “ஒரு ஃபந்தா தப்பானதுக்கு மொத்தத்தையும் பிரிப்பாளா ஒருத்தி?” என்பாள். பிழைக்கு நேர் மேலே உள்ள அந்த ஒரு கண்ணியை மட்டும் சலாயிலிருந்து நழுவவிட வேண்டும். பிழை வரைக்கும் ஏணி மாதிரி இறங்கும். பிறகு குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். பக்கத்துக் கண்ணிகளுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் இதைப் பழகுங்கள்.

வாழ்க்கையை ஸ்வெட்டரோடு ஒப்பிட எனக்குக் கூச்சம். நீங்களே ஆரம்பித்துவிட்டதால் சொல்கிறேன். பின்னலை ஆரம்பித்த விளிம்பிலிருந்து உருவிப் பாருங்கள், சிக்கிக்கொள்ளும். முடித்த முனையை இழுத்தால்தான் சரசரவென்று வரும். 25க்குப் போக வேண்டுமானால் 44, 43 என்று பின்னோக்கித்தான் உருவ வேண்டும். வழியில் உங்கள் மகள் பிறந்த வரிசையும் வரும். அதையுமா?

வீணா என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் புது நூல் வாங்குவதே அபூர்வம். அப்பாவின் ஸ்வெட்டர் முழங்கையில் ஓட்டை விழுந்ததும் பிரிபடும். நான் இரண்டு கைகளையும் நீட்டி உட்கார, அம்மா அவற்றில் நூலைச் சுற்றுவாள். வரும் நூல் பழைய கண்ணிகளின் வளைவோடு சுருள் சுருளாக வரும். அப்படியே பின்னினால் ஒரு கண்ணி பெரிசு, ஒன்று சிறிசு. அதனால் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் கனம் கட்டித் தொங்கவிடுவாள். காயும்வரை யாரும் தொடக்கூடாது. டெல்லி ஜனவரியில் அது சுலபத்தில் காயவும் காயாது. முழங்கைப் பக்கத்து நூல் நைந்திருக்கும். அதை யோசிக்காமல் வெட்டி எறிவாள். பற்றாததற்கு வேறு நிறம் சேர்ப்பாள். என் பள்ளிக்கூட ஸ்வெட்டருக்கு உடம்பு பழுப்பு, கை பச்சை. 1941இல் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தபோது அங்கேயும் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னித்தான் சமாளித்திருக்கிறார்கள்.

எல்லா ஸ்வெட்டரும் இப்படிப் பிரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணியாக வெட்டித் தைத்த கடை ஸ்வெட்டரைப் பிரித்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். சில வருடங்களும் அப்படித்தான். அவற்றை என்ன செய்வதென்று என்னிடம் பதில் இல்லை.

நாலாவது முறை போடும்போது, பத்து வரிசைக்கு ஒருதரம் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலை ஓட்டி வையுங்கள். உருவ நேர்ந்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடும். தங்கை குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எழுதவில்லையே? எதற்கும் ஒரு அளவு பெரிதாகவே போடுங்கள்.