பல்கலைக்கழக வாகனத்தில் கடமைக்குப் போகும்போது கையெழுத்து, பழுது, எரிபொருள் எல்லாம் யார் பொறுப்பு?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் புதிதாக விரிவுரையாளர் பதவியில் சேர்ந்தவர். கிளிநொச்சிக்கும் தீவகத்துக்கும் கள வேலைக்காகப் பல்கலைக்கழக வானில் போய் வருகிறார். அவர் கேட்பது மூன்று விஷயம். சாரதி நீட்டும் தாளில் கையெழுத்து வைக்கிறேனே, அது என்ன? வண்டி பழுதானால் என் தலையில் விழுமா? நேரம் பிந்தினால் வண்டியை என் வீட்டு வளவில் நிறுத்தலாமா?

நான் வடக்கில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அரச பணத்தில் ஓடும் வண்டிக்கு அடிப்படை விதிகள் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் கேட்டால் சுருக்கமாக இப்படித்தான் சொல்வேன்: வண்டி சாரதியின் பொறுப்பு, பயணம் உங்கள் பொறுப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்குத்தான் கணக்காய்வு வினா வந்து சேரும்.

சாரதி நீட்டும் அந்தத் தாள் வண்டியின் நாளாந்த ஓட்டப் பதிவு, அதைத்தான் எல்லோரும் 'றன்னிங் சாட்' என்கிறார்கள். அரச பணத்தைக் கையாளும் விதிகளின் தொகுப்பான நிதிப் பிரமாணத்தில் 1645 ஆம் விதி வண்டிக்கு லொக் புத்தகம் வைக்கச் சொல்கிறது. 1646 இன்படி நாளாந்த ஓட்டப் பதிவும் மாதச் சுருக்கமும் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் நாயகத்துக்குப் போக வேண்டும். ஆகவே நீங்கள் வானுக்குள் இருந்தபடி முழங்காலில் வைத்துக் கிறுக்கும் கையெழுத்து வளாகத்துக்குள் முடிந்துவிடுவதில்லை. புறப்பட்ட இடம், போன இடம், நோக்கம், புறப்படும்போதும் திரும்பும்போதும் மீற்றர் காட்டிய எண், நேரம் ஆகியவை சரிதான் என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

"சேர், நீங்கள் சைன் பண்ணித் தாங்கோ, மிச்சத்தை நான் பிறகு நிரப்புறன்" என்று சாரதி கேட்பார். பெரும்பாலும் அதில் கள்ளம் இருக்காது. பாவம், அவருக்கும் அவசரம். ஆனாலும் வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "அண்ணை, மீற்றரை எழுதிப்போட்டுத் தாங்கோ" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பீடத்தில், ஒரு பயணம் முடிந்த எண்ணுக்கும் அடுத்த பயணம் தொடங்கிய எண்ணுக்கும் இடையில் நாற்பது கிலோமீற்றர் அளவில் காணாமல் போயிருந்தது. வண்டி கராஜுக்குப் போய் வந்த ஓட்டம்தான் அது, ஒருவரும் எழுதவில்லை. அதை விளக்கப் பிறகு எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு அளவுக்கு வந்தன. கணக்காய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே இந்த இடைவெளியைத்தான். எண்ணெய் அடிக்கப் போனாலும், காற்றுப் பார்க்கப் போனாலும் ஒரு வரி இருக்க வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆறு மணிக்கு இறங்கிவிட்டு ஒன்பது மணி என்று எழுதியதில் கையெழுத்து வைத்தால் அந்தக் காசுக்கு நீங்களும் உடந்தை. மறுபக்கம், ஒன்பது மணிவரை அவரை வைத்திருந்துவிட்டு நேரத்தை எழுதாமல் விடுவதும் அநியாயம். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பயணத்துக்கு முன் விண்ணப்பம் கொடுத்து, துறைத் தலைவரோ பீடாதிபதியோ ஒப்பமிட்டு, போக்குவரத்துப் பிரிவு வண்டி ஒதுக்குவதுதான் வழக்கம். அதில் போகிறவர்களின் பெயரும் போகும் இடங்களும் இருக்கும். மாணவர்களைக் கொண்டுபோனால் பெயர்ப் பட்டியலை வண்டியிலும் ஒரு பிரதி வையுங்கள். பட்டியலில் இல்லாத ஆளை ஏற்றக் கூடாது. மனைவியைக் கொடிகாமத்தில் இறக்கிவிடுவது சின்ன உதவிதானே என்று தோன்றும். விபத்து என்று ஒன்று வந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, வண்டிக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதுதான்.

இதைச் சொன்னால் சிலர் பயந்துபோய் வழியில் தேத்தண்ணி குடிக்கவும் நிறுத்த மாட்டார்கள். அப்படி இல்லை. ஏ9 வீதியில் மாங்குளம் பக்கம் போகிற வண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனதற்காக எந்தக் கணக்காய்வாளரும் வினா எழுதியதை நான் பார்த்ததில்லை. அவர்களும் அங்கே நின்றுதான் வந்திருப்பார்கள். பாதையில் நிற்பது வேறு, பாதையை விட்டு விலகி உறவுக்காரர் வீட்டுக்குப் போவது வேறு. மீற்றருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வண்டியை நீங்களே ஓட்டலாமா என்று அடுத்து வரும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஓட்டாதீர்கள், சாரதி களைத்துப்போயிருந்தாலும் சரி. அப்படியானால் வண்டியை ஓரமாக நிறுத்தி ஓய்வெடுக்க விடுவதுதான் முறை. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தோடு பஸ் ஓட்ட முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன், களப்பயண உற்சாகத்தில் இது மறந்துபோகும். 'கொஞ்சம் மிதியுங்கோ அண்ணை' என்று பின்னால் இருந்து அவசரப்படுத்துவதும் வேண்டாம். வேகத்துக்குப் பொலிஸ் தண்டம் எழுதினால் கட்டுவது சாரதியின் சட்டைப்பை. ஏ9 இல் கிளிநொச்சிப் பக்கம் அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், பொழுதுபட்டால் மாடுகள் படுத்திருக்கும்.

இனிப் பழுது. சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. நாளாந்தம் எண்ணெய், தண்ணி, பிரேக், றயர், விளக்குப் பார்ப்பது சாரதியின் வேலை. உங்கள் வேலை, ஓடும்போது கவனித்த குறையை எழுத வைப்பது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அதைத் தாளின் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வாயால் சொன்னதற்கு மறுநாள் சாட்சி இல்லை. எழுதிய பிறகும் யாரும் பார்க்காமல் அதே வண்டியைத் திரும்ப அனுப்பினால், ஏற மறுக்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கும்.

யாழ்ப்பாணத்து வண்டிக்கு வேறு சில வருத்தங்களும் உண்டு. இங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணி கடினமானது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படிவு உங்களுக்குத் தெரியும், றேடியேற்றருக்குள்ளும் அதேதான் படியும். எஞ்சின் சூடேறுகிறது என்று வழியில் யாரோ வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றுவதை அவசரத்துக்கு மன்னிக்கலாம், பழக்கமாக்கக் கூடாது. கூலன்ட் ஒரு போத்தல் வண்டியிலேயே இருக்கட்டும். பற்றரிக்கு வடிநீர் மட்டும்தான். மற்றது உப்பு. பண்ணைப் பாலத்தால் தீவகம் போய், புங்குடுதீவு தாண்டிக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நாள் முழுக்க நிற்கிற வானுக்குக் கடற்காற்று அடிப்பக்கத்தைத்தான் தின்னும். மேலே பொலிஷ் போட்டு மினுக்கிவிட்டு அடியில் துருப்பிடிக்க விட்ட வண்டிகளை நிறையக் கண்டிருக்கிறேன். தீவகம் போய் வந்த அன்றோ மறுநாளோ அடியைத் தண்ணி அடித்துக் கழுவ வேண்டும். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, ஆனால் சேசிஸைக் காப்பாற்றுவது இதுதான்.

திருத்த வேலையை நீங்களோ சாரதியோ தெரிந்த கராஜில் செய்துவிட்டுப் பிறகு பில் கொடுப்பது சரிவராது. மதிப்பீடு, விலைக்கோரல், ஒப்புதல், அதன் பிறகுதான் வேலை. கழற்றிய பழைய பாகம் களஞ்சியத்துக்குத் திரும்பி வர வேண்டும். புதுப் பாகம் உண்மையாகவே போட்டார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் போக்குவரத்துப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, யார் எத்தனை மணிக்கு அனுமதி தந்தார் என்று குறித்துவிட்டுச் சின்ன வேலையைச் செய்விக்கலாம்.

எரிபொருளைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2016 இல் வந்த அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை 30/2016 இன்படி ஒவ்வொரு வண்டிக்கும் எரிபொருள் நுகர்வுச் சோதனை செய்ய வேண்டும். 12 மாதம், 25,000 கிலோமீற்றர், எஞ்சினில் பெரிய திருத்தம், இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அதில் வரும் கணக்கோடுதான் உங்கள் பயணத்தின் டீசலை ஒப்பிடுவார்கள். சோதனை செய்யாமல் பழைய கணக்கையே வைத்திருந்தால் வயதான வண்டியை ஓட்டும் சாரதிக்குத் தேவையில்லாத கெட்ட பெயர். 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு எரிபொருள் கணக்கை எல்லோரும் உன்னிப்பாகத்தான் பார்க்கிறார்கள். வழியில் அடித்தால் லீற்றரையும் அந்த நேரத்து மீற்றர் எண்ணையும் சேர்த்து எழுதி, பற்றுச்சீட்டை இணைத்துவிடுங்கள்.

விபத்து நடந்தால் வீதியிலேயே காசு கொடுத்துச் சமாதானமாகப் போகவே கூடாது, கீறல் என்றாலும். காயப்பட்டவரைப் பாருங்கள், பொலிஸில் பதியுங்கள், அந்த இடத்தில் நின்றே காப்புறுதி நிறுவனத்துக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் அறிவியுங்கள், படம் எடுங்கள். நிதிப் பிரமாணம் 104 இன்படி விசாரணை உடனே தொடங்க வேண்டும். முழு அறிக்கை ஏழு நாளில் முடியாவிட்டால் முதற்கட்ட அறிக்கையாவது அதற்குள் போக வேண்டும், முழு அறிக்கைக்கு மூன்று மாதம். அலட்சியம் என்று முடிவானால் நட்டத்தை அந்த ஆளிடமிருந்து அறவிடலாம். அந்த ஆள் சாரதியாகவும் இருக்கலாம், "ஒண்டும் ஆகாது, போங்கோ" என்று சொன்ன உத்தியோகத்தராகவும் இருக்கலாம். அன்றைக்கு இரவே நடந்ததை உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதித் திகதி போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவில் இருந்து சொல்வது சாரதிக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வீட்டு வளவில் நிறுத்தலாமா? பதவிக்கென்று வண்டி ஒதுக்கப்பட்டவர்களின் கதை வேறு. பொது வண்டி என்றால் வேலை முடிந்ததும் வளாகத்துக்குத் திரும்ப வேண்டும், வாயிலில் காவலாளியின் பதிவேட்டிலும் நேரம் விழ வேண்டும். விடியப்புறம் நான்கு மணிக்குக் கொழும்புக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது, முதல்நாள் இரவு வண்டி சாரதியின் வீட்டில் நிற்பதுதான் வசதி என்றால், அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கள். விண்ணப்பத்திலேயே இரவு நிற்கும் இடத்தை ஒரு வரியில் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். உங்கள் வீட்டில் நிறுத்தக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.