வேதிமாற்றம் செய்த இயற்கைப் பாலிமர் என்றால் என்ன? மருத்துவத்தில் அதற்கு என்ன வேலை?

சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவான பெரிய மூலக்கூறே பாலிமர். இயற்கையில் விளைந்த அத்தகைய சங்கிலியில் வேறு அணுத்தொகுதிகளை இணைத்து அதன் குணத்தை மாற்றினால், அது வேதிமாற்றம் செய்த இயற்கைப் பாலிமர் ஆகிறது. கண் வறட்சிக்கான சொட்டு மருந்துப் புட்டியில் 'கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் 0.5%' என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மூலப்பொருள் பஞ்சிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸ்தான்.

பஞ்சை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது கரையாது. செல்லுலோஸ் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால், நீரால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. காரத்தில் ஊறவைத்து, குளோரோ அசிட்டிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்யும்போது, சங்கிலி நெடுகிலும் எதிர்மின்சுமை கொண்ட தொகுதிகள் சேர்கின்றன. அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ள, இடையே நீர் நுழைகிறது. அப்பளங்கள் ஒட்டாதிருக்க நடுவே மாவு தூவுகிறோமே, அது போலத்தான். கரைந்த நீண்ட சங்கிலிகள் நீரைப் பிடித்துவைப்பதால் துளி உடனே வழிந்தோடாமல் விழிமேல் தங்குகிறது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் வெண்டைக்காயின் வழவழப்பு தெரியும். அதே செல்லுலோஸை ஆக்ஸிஜனேற்றம் செய்தால், அறுவைச் சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்திவிட்டு உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் துணி கிடைப்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இந்தச் சொட்டு மருந்து கண்ணீர்ச் சுரப்பை அதிகரிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது கண்ணை ஈரமாக வைத்திருக்குமே தவிர, வறட்சிக்கான காரணத்தை நீக்காது.